குடல்வாலை முந்திய பல்

1990 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பட்டியல் வெளியானது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று ஜோடி ஜோடியாக எழுதி, முக்கியமானது மேலே, அவ்வளவாக முக்கியமில்லாதது கீழே என்று வரிசைப்படுத்திய பட்டியல். 1,600-க்கும் மேற்பட்ட உருப்படிகள். அதில் 371-ஆவது இடத்தில், சொத்தை ஆழமாக இறங்கிவிட்ட பல்லுக்கு கேப் போடுவது. 372-ஆவது இடத்தில், கருக்குழாயில் கரு தங்கிவிட்ட பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை. 376, தாடை மூட்டு வலிக்கு வாயில் மாட்டிக்கொள்ளும் பட்டை. 377, குடல்வால் அறுவை சிகிச்சை.

குடல்வால் வலியில் துடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். தாடை வலிக்காரர் முதலில் போகட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்று யாராவது சொல்வார்களா? பட்டியல் நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானது. தயாரித்த ஆணையமே அதை ஓரம் கட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்தது.

இத்தனைக்கும் இது மூடிய அறைக்குள் நாலு அதிகாரிகள் எழுதிய பட்டியல் அல்ல. அதற்கு முந்தைய மாதங்களில் மாநிலம் முழுக்க ஊர் ஊராக 47 பொதுக் கூட்டங்கள் நடந்தன. 1,048 பேர் வந்தார்கள், பேசினார்கள், எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவச் சீர்திருத்தத்துக்காக மக்களைக் கூட்டி வைத்துப் பேசினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதற்கு ஓரிகனைவிட நல்ல உதாரணம் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1987-இல் ஓரிகன் சட்டமன்றத்தின் முன் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பெயர் மெடிக்கெய்டு. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போட்டு நடத்துவது. அதில் உறுப்பு மாற்று சிகிச்சைகளுக்கு ஆகும் பணத்தில் சுமார் 30 நோயாளிகளைக் கவனிக்கலாம். அதே பணத்தைத் திருப்பிவிட்டால் சுமார் 1,500 கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலக் கவனிப்பு கிடைக்கும். உறுப்பினர்கள் கர்ப்பிணிகள் பக்கம் சாய்ந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத முடிவு. அதனால் பெரிய விவாதமும் நடக்கவில்லை.

சில மாதங்களிலேயே அந்த 30 பேரில் ஒருவருக்கு முகம் வந்துவிட்டது. கோபி ஹோவர்ட் என்ற 7 வயதுச் சிறுவன். ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டும். அரசு கையை விரித்தது. ஒரு லட்சம் டாலர் திரட்டக் குடும்பம் ஊரெல்லாம் கையேந்தியது. பணம் சேர்ந்து முடிவதற்குள், அந்த ஆண்டு டிசம்பரில், பையன் இறந்துபோனான். தொலைக்காட்சிகள் அவன் முகத்தை நாடு முழுக்கக் கொண்டுபோயின. எங்கே போனாலும் ஓரிகன் சட்டமன்றத்துக்குத் திட்டு.

இப்படி ஒரு சூழ்நிலையில் அரசியல்வாதி என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். உடனே ஒரு சிறப்பு நிதி, ஒரு புகைப்படம், ஒரு அறிக்கை. 1988 தொடக்கத்தில் உறுப்பு மாற்றுக்கு மறுபடியும் பணம் ஒதுக்கலாம் என்று சிலர் முயன்றார்கள். அதற்குக் குறுக்கே நின்றவர் செனட் தலைவர் ஜான் கிட்ஸ்ஹாபர். அவரே ஒரு டாக்டர், ரோஸ்பர்க் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய வாதம் கேட்பதற்குக் கசப்பானது. பேப்பரில் படம் வந்த நோயாளிக்கு மட்டும் பணம் கொடுத்தால், படம் வராதவர்கள் ஆயிரக்கணக்கில் சத்தமில்லாமல் கழித்துக் கட்டப்படுவார்கள். எல்லோருக்கும் எல்லாமும் கொடுக்கப் பணம் இல்லையென்றால், எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று வெளிப்படையாக உட்கார்ந்து முடிவு செய்வோம் என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது. அன்றைய மெடிக்கெய்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பரம ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. கர்ப்பிணியாக, குழந்தையோடு இருப்பவராக, முதியவராக, உடல் ஊனமுற்றவராக இப்படி ஏதாவது ஒரு பிரிவுக்குள் வர வேண்டும். பிள்ளையில்லாத, நல்ல உடல்வாகு கொண்ட ஏழைத் தொழிலாளிக்கு இடமே கிடையாது. குழந்தை இருக்கும் குடும்பத்துக்குக்கூட, வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் சுமார் 58 சதவீதத்தைத் தாண்டினால் கதவு சாத்தப்படும். அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவரையே "நீ போதுமான அளவு ஏழை இல்லை" என்று திருப்பி அனுப்பும் ஏற்பாடு. ஆள்களைக் கழிப்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை, சிகிச்சைகளைக் கழிப்பதற்குத்தான் கூச்சம் என்பதுதான் நிலைமை.

1989-இல் சட்டம் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் திட்டத்தில் சேர்ப்பது. அதற்கு ஆகும் செலவை ஈடுகட்ட, சிகிச்சைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, சட்டமன்றம் ஒதுக்கும் பணம் எந்த எண் வரைக்கும் போதுமோ அங்கே கோடு போடுவது. கோட்டுக்கு மேலே இருப்பதற்கு அரசு பணம் தரும். கீழே இருப்பதற்குத் தராது. கோடு எங்கே என்று சட்டமன்றம் சொல்லலாம், ஆனால் வரிசையில் கைவைக்க முடியாது. வரிசை போடும் பொறுப்பு 11 பேர் கொண்ட ஆணையத்துக்கு: டாக்டர்கள் 5, பொதுச் சுகாதார நர்ஸ் 1, சமூகப் பணியாளர் 1, மீதி 4 பேர் மருத்துவத் துறைக்கு வெளியே இருந்து வந்த சாதாரணக் குடிமக்கள்.

அந்த ஆணையம் மக்களின் மனத்தை அறிந்து வேலை செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்தது. அங்கேதான் கூட்டங்கள் வருகின்றன.

கூட்டங்களை நடத்தியது ஓரிகன் ஹெல்த் டிசிஷன்ஸ் என்ற குடிமக்கள் அமைப்பு. மருத்துவ அறம் பற்றி ஊர் மக்களோடு பேச வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலிருந்தே முனைந்தவர்கள். ஆகவே கூட்டம் நடத்துவது அவர்களுக்குப் புதிதல்ல. மேடை போட்டு நாலு நிபுணர்கள் முழங்க, கீழே இருப்பவர்கள் கைதட்டிவிட்டுக் காபி குடித்துப் போகிற பாணியை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் பிரச்சினையைச் சுருக்கமாக விளக்குவார்கள். பிறகு ஆளுக்கொரு கேள்வித்தாள். இந்த இந்த நிலையில் இருப்பவருக்குச் சிகிச்சை தருவது எவ்வளவு முக்கியம் என்று அவரவர் தனியாகக் குறிக்க வேண்டும். அதன்பின் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஏன் அப்படிக் குறித்தோம் என்று பேச வேண்டும். எனக்கு இது வேண்டும், என் வீட்டுக்கு அது வேண்டும் என்று பேசாமல், ஒரு சமூகமாக நமக்கு எது முக்கியம் என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, கவனியுங்கள். எந்த ஆபரேஷனை வெட்டலாம் என்று மக்களிடம் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் கூட்டம் பத்து நிமிடத்தில் சண்டையில் முடிந்திருக்கும். எதை மதிக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். 47 கூட்டங்களிலும் பேசப்பட்டதை வடிகட்டியபோது 13 விழுமியங்கள் கிடைத்தன. எல்லாக் கூட்டங்களிலும் தவறாமல் வந்தவை இரண்டு: நோய் வராமல் தடுப்பது, வாழ்க்கையின் தரம். பெரும்பாலான கூட்டங்களில் வந்தவை, செலவுக்கேற்ற பலன், அன்றாட வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன், எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பது. மனநலமும் போதை மீட்பும் பாதிக்கு மேற்பட்ட கூட்டங்களில் இடம்பிடித்தன. மனநோய்க்கு காப்பீட்டு நிறுவனங்கள் மூக்கைச் சுளித்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

ஆயுளின் நீளம்? அது பட்டியலின் வால் பகுதியில் இருந்தது. நீண்ட ஆயுளைவிட, இருக்கிற காலத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பதைத்தான் அதிகக் கூட்டங்கள் பேசின. நோயுற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்கிற பேச்சும் அதே வாலில்தான். குடித்துக் கெட்டவனுக்கு எதற்கு அரசுப் பணம் என்று டீக்கடையில் தினமும் கேட்கிற குரல், எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பேச வைத்தால் அவ்வளவு ஓங்கி ஒலிப்பதில்லை போலிருக்கிறது.

இது வரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வந்தவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் சங்கடம். 1,048 பேரில் சுமார் 70 சதவீதம் பேர் மருத்துவம், மனநலம் சார்ந்த துறைகளில் வேலை பார்ப்பவர்கள். பட்டம் பெற்றவர்களும் வசதியானவர்களும் மாநிலத்தில் இருக்கும் விகிதத்தைவிட அதிகம். காப்பீடு இல்லாதவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மெடிக்கெய்டில் இருந்தவர்கள், அதாவது இந்தப் பட்டியல் யாருடைய சிகிச்சையைக் கூட்டிக் குறைக்கப்போகிறதோ அவர்கள், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பந்தி பரிமாறுபவர்களே இலையில் உட்கார்ந்து சாப்பாடு எப்படி என்று சொன்ன கதைதான்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நர்ஸ்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் இது சொந்த விஷயம், ஆர்வத்தோடு வந்தார்கள். பகலெல்லாம் மரம் அறுத்தோ ஓட்டலில் பாத்திரம் கழுவியோ வருகிற ஆள், குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, இரவில் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பொது விழுமியம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பதில்தான் கோளாறு. கூட்டம் எல்லோருக்கும் திறந்திருந்தது. திறந்திருந்தால் எல்லோரும் வந்துவிடுவார்களா?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டியல் முதலில் மெடிக்கெய்டில் இருந்த எல்லோருக்கும் பொருந்தவில்லை. முதியவர்களையும், பார்வையற்றவர்களையும், ஊனமுற்றவர்களையும் ஆரம்பத்தில் விட்டுவிட்டார்கள். 1995-இல்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். மெடிக்கெய்டு பணத்தில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும். அந்தப் பிரிவினருக்காக வாதாட வலுவான அமைப்புகளும் இருந்தன. முதலில் கோட்டுக்குள் நிறுத்தப்பட்டவர்கள் ஏழைத் தாய்மாரும் குழந்தைகளும். குழந்தைகள் உரிமைக்காக உழைத்த அமைப்புகள் வாஷிங்டனில் எகிறிக் குதித்ததற்கு இதுதான் காரணம். அன்று செனட்டராக இருந்த அல் கோர் எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர். அவர் கொஞ்ச நாளில் துணை ஜனாதிபதி ஆவார், அவருடைய அரசே இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும். அரசியலில் இப்படியெல்லாம் நடப்பதுதான்.

சரி, பல் எப்படிக் குடல்வாலை முந்தியது?

கூட்டங்கள் ஒரு பக்கம் நடந்தபோதே, ஆணையம் 1,001 பேரிடம் தொலைபேசியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இன்ன தொந்தரவோடு வாழ்வது எவ்வளவு மோசம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதிலிருந்து ஒவ்வொரு சிகிச்சையின் பலனுக்கும் ஒரு எண் கிடைத்தது. டாக்டர்கள் அந்தப் பலன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று சொன்னார்கள். பிறகு கணினி. செலவை, பலனும் ஆண்டும் பெருக்கி வந்த தொகையால் வகு. விடை சிறியதாக இருந்தால் மேலே, பெரியதாக இருந்தால் கீழே.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்லுக்கு கேப் போட ஆகும் செலவு 38 டாலரும் சில்லறையும். பலன் 0.08. நீடிக்கும் காலம் 4 ஆண்டு. கருக்குழாய் அறுவை சிகிச்சைக்குச் செலவு 4,015 டாலர். பலன் 0.71. நீடிக்கும் காலம் 48 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் விடை 118-ஐ ஒட்டியே வருகிறது. மயிரிழையில் பல் ஜெயித்துவிட்டது. தாடைப் பட்டைக்கும் குடல்வாலுக்கும் இதே கதை. பட்டைக்கு 98 டாலர், குடல்வாலுக்கு 5,744 டாலர்.

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஒரு கருக்குழாய் ஆபரேஷன் செலவில் நூறு பேருக்கு மேல் பல்லைச் சரிசெய்யலாம், அந்த நூறு பேரின் சின்னச் சின்ன நிம்மதியைக் கூட்டினால் ஒரு பெண்ணின் உயிருக்குச் சமம் என்று சூத்திரம் சொன்னது. டேவிட் ஹடோர்ன் என்ற டாக்டர் 1991-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். கண்ணெதிரே ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தால் மனிதர்கள் கணக்குப் பார்ப்பதில்லை, காப்பாற்றப் பாய்கிறார்கள். அந்த உந்துதலுக்குச் சூத்திரத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். செலவு பற்றிய விவரங்களிலும் ஓட்டைகள் இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளுக்குத் துல்லியமான செலவுக் கணக்கு அன்று யாரிடமும் இல்லை.

ஆணையம் இரண்டாவது முறை உட்கார்ந்தபோதுதான், அந்த 47 கூட்டங்களுக்கு உண்மையான வேலை வந்தது. சிகிச்சைகளை 17 வகைகளாகப் பிரித்தார்கள். எந்த வகை எதற்கு மேலே என்பதை முடிவு செய்ய, கூட்டங்களில் கிடைத்த 13 விழுமியங்களைக் கையில் வைத்துக்கொண்டார்கள். திடீரென்று வரும் உயிராபத்து, சிகிச்சை தந்தால் முழுசாகக் குணமாகும் என்பது முதல் வகை. குடல்வால் கௌரவமாக மேலே போய்விட்டது. பிரசவமும் தாய் சேய் கவனிப்பும் இரண்டாவது வகை. குழந்தைகளுக்கான தடுப்பு மருத்துவம் நாலாவது. குணப்படுத்த முடியாத நோயில் கிடப்பவரின் வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் கவனிப்பு ஏழாவது. பலன் ஏதும் இல்லாத, அல்லது பெயரளவுக்கே பலன் தரும் சிகிச்சைகள் பதினேழாவது. அதற்கும் பிறகு ஆணையத்தார் ஒவ்வொரு உருப்படியாகப் பார்த்து, பொருத்தமில்லாமல் நின்றவற்றைக் கையாலேயே மேலும் கீழும் நகர்த்தினார்கள். 

இதை மோசடி என்று சிலர் எழுதினார்கள். கணினி சொன்னதை மனிதர்கள் திருத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. திருத்தாமல் விட்டிருந்தால்தான் மோசடி. சாகப்போகிறவரின் வலியைத் தணிப்பது பட்டியலில் ஏழாவது வகையாக ஏறியது எந்தச் சூத்திரத்தாலும் அல்ல. வாழ்க்கையின் தரம் முக்கியம் என்று ஊர் ஊராக மக்கள் சொன்னதால். வந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சு வீண் போகவில்லை.

1991 பிப்ரவரியில் வந்த புதிய பட்டியலில் 709 உருப்படிகள். சட்டமன்றம் 587-ஆவது எண்ணில் கோடு போட்டது. உச்சியில் நிமோனியா. அடியில், மூளை உருவாகாமலே பிறக்கும் சிசுக்களுக்கான சிகிச்சை. அதற்குச் சற்று மேலே, அரைக்கிலோகூட எடை இல்லாமல், மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகள். படிக்கக் கை நடுங்கும் இடம் இது. சாதாரண ஜலதோஷம் போன்றவையும் கோட்டுக்குக் கீழே போயின. தானாகச் சரியாகிவிடும் நோய்க்கு மருந்து வாங்க அரசுப் பணம் எதற்கு என்று எண்ணியிருக்கிறார்கள். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவருக்கு ஈரல் மாற்று கோட்டுக்குக் கீழே, வேறு காரணத்தால் கெட்டவருக்கு மேலே. நோய் ஒன்று, ஆபரேஷன் ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு.

மத்திய அரசின் அனுமதியில்லாமல் மெடிக்கெய்டு விதிகளை மாற்ற முடியாது. 1992 ஆகஸ்டில் மூத்த புஷ் அரசின் சுகாதார அமைச்சர் லூயிஸ் சல்லிவன் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார். காரணம், ஊனமுற்றோர் உரிமைச் சட்டம். நடக்க முடியாமல் வாழ்வது எவ்வளவு மோசம் என்று நடக்க முடிகிறவர்களைத் தொலைபேசியில் கேட்டு, அந்த மதிப்பெண்ணை வைத்து நடக்க முடியாதவரின் சிகிச்சைக்கு விலை போடுவது பாரபட்சம் என்றார்கள். தேர்தல் ஆண்டு, ஆகையால் உள்நோக்கம் இருந்தது என்று ஓரிகன்காரர்கள் பொருமினார்கள். இருக்கலாம். வாதம் மட்டும் சரியான வாதம். கூட்டங்களில் ஏழைகள் இல்லாததும், தொலைபேசிக் கணக்கெடுப்பில் ஊனமுற்றோரின் அனுபவம் கரைந்துபோனதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

வாழ்க்கைத் தர மதிப்பெண்களை நீக்கிவிட்டுப் பட்டியலைத் திரும்ப எழுதினார்கள். 1993 மார்ச்சில் கிளின்டன் அரசு ஒப்புதல் கொடுத்தது. 1994 பிப்ரவரி 1-ஆம் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது 696 உருப்படிகள், கோடு 565-இல்.

வந்த பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதியவர்கள் சேர்ந்தார்கள். 1992-இல் மாநிலத்தில் 18 சதவீதம் பேருக்குக் காப்பீடு இல்லை, 1996-இல் அது 11 சதவீதமாக இறங்கியது. ஏழைகளின் சிகிச்சையை வெட்டப்போகிறார்கள் என்று பயந்தார்களே, அது பெரிதாக நடக்கவில்லை. பழைய மெடிக்கெய்டில் இல்லாத பல சிகிச்சைகள் புதிய திட்டத்தில் கிடைத்தன. லாரன்ஸ் ஜேக்கப்ஸ், தியோடர் மார்மர், ஜோனதன் ஓபர்லேண்டர் என்ற மூன்று அறிஞர்கள் 1999-இல் எழுதிய ஆய்வில், பட்டியலால் மிச்சமான பணம் மிகச் சொற்பம் என்று காட்டினார்கள். வெட்டுவதற்குச் செய்த கத்தி, வெட்டவே இல்லை. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்ததால், கோட்டை இன்னும் மேலே தூக்க அரசியல்வாதிகள் தயங்கினார்கள். அதற்குப் பதிலாகப் பணம் தேடினார்கள். 1996-இல் சிகரெட் பாக்கெட்டுக்கு 30 சென்ட் வரியை உயர்த்தி அதில் பெரும்பகுதியை இந்தத் திட்டத்துக்குக் கொடுக்க மக்களே வாக்களித்தார்கள்.

ஊரைக் கூட்டிப் பேசியதன் நிஜமான லாபம் இங்கே இருக்கிறது. 47 கூட்டங்கள் கணக்கைச் சரிசெய்யவில்லை, திட்டத்துக்கு ஆதரவாளர்களை உண்டாக்கின. இது எங்கள் திட்டம் என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் வரி உயர்வுக்கு வாக்கு விழுந்தது. கிட்ஸ்ஹாபர் அதற்கு முன்பே, 1995-இல், மாநில ஆளுநர் ஆகிவிட்டார்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 2003-இல் பொருளாதாரம் சரிந்தபோது, திட்டத்தை இரண்டாகப் பிரித்து, புதிதாகச் சேர்ந்த ஏழைகள் மாதாமாதம் பிரீமியம் தவறாமல் கட்டியே ஆக வேண்டும் என்று கெடுபிடி செய்தார்கள். 6 டாலரிலிருந்து 20 டாலர் வரை. கேட்க அற்பத் தொகை. அந்தப் பிரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் காணாமல் போனார்கள். இருபது டாலர் என்பது வீடில்லாமல் காரில் தூங்குகிறவருக்கு என்ன என்று தெரிந்த ஒருவர் அந்த முடிவு எடுத்த மேசையில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

2008-இல் அந்தப் பிரிவில் சுமார் 10,000 இடங்கள் காலியாக இருந்தன. பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். அரசு குலுக்கல் சீட்டு போட்டது! விழுமியம், சூத்திரம், வகை, வரிசை எல்லாம் பேசிய மாநிலம் கடைசியில் அதிர்ஷ்டத்திடம் வந்து நின்றது. ஏமி ஃபிங்கெல்ஸ்டீன், கேத்தரின் பைக்கர் என்ற பொருளாதார அறிஞர்களின் குழு இதை ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்திக்கொண்டது. சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்தது. மருத்துவச் செலவால் குடும்பம் நொடிந்துபோவது கிட்டத்தட்ட நின்றேபோனது. காப்பீடு வந்தால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையும் என்று எல்லோரும் நம்பியதற்கு நேர்மாறாக, அங்கே போவது சுமார் 40 சதவீதம் கூடியது. வாழ்க்கையின் தரம்தான் முக்கியம் என்று 1990 கூட்டங்களில் சொன்னவர்கள் இந்த முடிவுகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மேசையில் யாருக்கு நாற்காலி என்ற விஷயத்துக்கு ஓரிகன் ஒரு பதில் கண்டுபிடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 2012-இல் மெடிக்கெய்டை வட்டார அமைப்புகளிடம் ஒப்படைத்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு மக்கள் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களாகவோ அவர்களுடைய குடும்பத்தினராகவோ இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வாருங்கள் என்று அழைப்பது வேறு, நீங்கள் பாதிக்கு மேல் இல்லையென்றால் குழுவே செல்லாது என்பது வேறு. 2022-இல் கட்டுப்படியாகும் செலவில் மருத்துவம் பெறுவது குடிமக்களின் உரிமை என்று மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கும் வாக்கெடுப்பும் மிகக் குறுகிய வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதையெல்லாம் தமிழ்நாட்டில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும்? நம் ஊரிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்று, "இது திட்டத்துல வராதுங்க" என்ற பதிலைக் கேட்டவர்களுக்குக் கோட்டுக்கு மேலே, கீழே என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஓரிகனில் கோடு எங்கே, ஏன் என்று ஊர் கூடிப் பேசினார்கள். இங்கே எத்தனை பேருக்கு அந்தப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்றே தெரியும்?

ஆனால் கூடிப் பேசுவதற்கான மேசை நம் பக்கத்திலும் போடப்பட்டிருக்கிறது. தாய்லாந்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2008 முதல் தேசியச் சுகாதாரப் பேரவை நடக்கிறது. தமிழ்நாட்டிலும் உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனுடன் 2019-இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் சுகாதாரப் பேரவைகளைக் கூட்டுவது ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. மாவட்டப் பேரவை என்பது கலெக்டர் தலைமையில், துறை அதிகாரிகளும் டாக்டர்களும் மக்கள் பிரதிநிதிகளும் சுகாதாரத் தேவைகளைப் பேசும் கூட்டம்.

உங்கள் மாவட்டத்தில் அடுத்த சுகாதாரப் பேரவை எப்போது என்று கலெக்டர் அலுவலகத்திலோ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு பஸ் ஏறுகிறவர், சர்க்கரை மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூலியை இழந்து வரிசையில் நிற்கிறவர், மனநோயாளியை வீட்டில் வைத்துக் கவனிக்கிறவர் ஆகியோருக்கு அதில் எத்தனை நாற்காலி என்று கேளுங்கள். அவர்களுடைய அன்றைய கூலிக்கும் பஸ் கட்டணத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கிராம சபையில் மனுவாகவும் கொடுக்கலாம்.